இதழ் தொடங்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மேஜிக் செய்பவர்களுக்கென்றே சிறு இதழ் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம்மா. அட்டைப்படம் மெதுவாக ஆகட்டும், முதலில் 'தி ஜின்க்ஸ்' என்ற மேஜிக் இதழ் வந்து நின்றுபோன கதையைத் தெரிந்துகொள்.

அமெரிக்காவில் தியடோர் ஆனமன் என்ற மேஜிக்காரர் 1934 அக்டோபரில் அதைத் தொடங்கினார். முதலில் மாத இதழ், பிறகு வார இதழ். 1941 டிசம்பர் வரை 87 மாதம்தான், வந்ததோ 151 இதழ். ஒவ்வொன்றும் சில தாள்கள்தான். ஆனாலும் மனதைப் படிப்பதாகக் காட்டும் மென்டலிசத்துக்கு இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவர் கத்தரி அப்படி. நாலு கைவேலையில் முடியும் வித்தையை ஒன்றில் முடிக்க வழியிருந்தால், மற்ற மூன்றையும் வெட்டிவிடுவார். வம்பு, விமர்சனம், பரிகாசத்துக்கெல்லாம் 'எடிட்ரிவியா' என்று தனிப் பத்தி.

எல்லாம் ஒரே ஆள் தலையில் இருந்ததுதான் வினை. 1942 ஜனவரி 12 அன்று, 34 வயதில் ஆனமன் இறந்தார்; இதழும் அதோடு சரி. அந்த ஆண்டே புரூஸ் எலியட் 'தி ஃபீனிக்ஸ்' கொண்டுவந்து, 1954 வரை 300 இதழ் ஓட்டினார். ஃபீனிக்ஸ் சாம்பலிலிருந்து எழும் பறவையாயிற்றே, பெயரைப் பார்த்தாலே எந்தச் சாம்பல் என்று அப்போதைய வாசகருக்குப் புரிந்திருக்கும்.

அதனால் ஆறு இதழுக்கான சரக்கு கையில் சேராமல் சந்தா வாங்காதே. கூட ஒருவரை ஆசிரியராக வைத்துக்கொள். தாள்களை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதானால் பக்கங்கள் நாலின் மடங்கில் இருக்கட்டும், 8 போதும். 9 ஆனால் ஒன்றை வெட்டு, நிரப்புவதற்காக 12 ஆக்காதே.

வித்தையை எழுதும்போது, சபை என்ன பார்க்கிறது என்பது முதலில். அப்புறம் தேவையான பொருள், முன்னேற்பாடு, கைவேலை. கெட்டுப்போவது கைவேலையில்தான். பழகிய கைக்குத் தான் செய்வதே தெரியாது; "சீட்டை மறைத்துக்கொள்ளவும்" என்று எழுதிவிடுவார்கள். எந்தக் கை, உள்ளங்கையிலா விரலிடுக்கிலா, அப்போது கண் எங்கே பார்க்கிறது, இடப்பக்கம் உட்கார்ந்தவருக்குத் தெரியுமா, ஒன்றும் இருக்காது. வித்தை தெரியாத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல். அவர் கை நிற்கும் இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. படங்கள் எல்லாம் செய்பவர் பார்வையிலேயே இருக்கட்டும். ஒன்று சபைப் பக்கமிருந்து வந்தால் இடம் வலம் புரண்டுவிடும்.

யார் வித்தை என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடு. பழைய முறையிலிருந்து கிளைத்தது என்றால் மூலக்காரர் பெயரும் வேண்டும். அதை விட்டால் மேஜிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அடுத்த இதழ் முழுக்க மறுப்புக் கடிதமாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா