மஞ்சள் ஒயரும் நீல ஒயரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கட்டியிருக்கிற கிட்டார் வால்வு ஆம்பின் (ஒலிபெருக்கியின்) படங்களை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சால்டரிங் என் கையைவிடச் சுத்தம். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டாவது சேனலில் வருகிற ஊளையை நிறுத்த என்னென்ன செய்தாய் என்று கூடவே எழுதியிருந்த பட்டியலைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வை (சிக்னலை முதலில் பெருக்குகிற சின்ன வால்வு) மாற்றினாயாம், சிக்னலை அடுத்த கட்டத்துக்குக் கடத்துகிற கப்ளிங் கண்டென்சர் அத்தனையும் புதிதாம், இப்போது ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் வால்வையும் மாற்றட்டுமா என்று கேட்கிறாய். இத்தனை மாற்றியும் ஊளை அசையவில்லை என்றால் அது அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்?

பவர் வால்வை இப்போதே முடித்துவிடலாம். கேத்தோடில் (வால்வுக்குள் எலெக்ட்ரான் புறப்படுகிற முனை) இருக்கிற 1 ஓம் ரெசிஸ்டரில் 38 மில்லிவோல்ட் காட்டுகிறது என்றாய். அதாவது 38 மில்லிஆம்பியர். எலெக்ட்ரான் போய்ச் சேருகிற பிளேட்டில் 450 வோல்ட். பெருக்கினால் 17 வாட்டுக்குச் சற்று மேல். உன் பவர் வால்வான இஎல்34-இன் பிளேட் 25 வாட் தாங்கும். அதில் 70 சதவீதம், 17.5 வாட், என்பதுதான் பலரும் வைக்கிற கணக்கு. உன் வால்வுக்கு ஒரு குறையும் இல்லை. பணத்தைப் பத்திரமாக வை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்று. படத்தில், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குகிற ஃபில்டர் கண்டென்சருக்குக் குறுக்கே ரெசிஸ்டர் எதையும் காணோம். நான் முதன்முதலில் கட்டிய ஆம்பிலும் அதைப் போடவில்லை. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆயிற்றே என்ற தைரியத்தில் கையை உள்ளே விட்டேன். தோள்பட்டை வரைக்கும் உதறித் தள்ளியது, கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. மொத்தம் 100 மைக்ரோஃபாராட், 450 வோல்ட் என்றால் உள்ளே நிற்பது ஏறக்குறைய 10 ஜூல். விளையாட்டில்லை. 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே நிரந்தரமாக வை. இரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும். வடிந்திருக்கும் என்று நம்பாதே, ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்துப் பார். மின்சாரம் ஓடும்போது அளந்தால் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

இனி ஊளைக்கு வருவோம். முதல் சேனல் முழு வால்யூமிலும் அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்தது. பவர் சப்ளை, ஃபேஸ் இன்வெர்ட்டர் (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிப்பது), அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இரண்டு சேனலுக்கும் பொது. ட்ரான்ஸ்ஃபார்மர் ஒயர் இடம் மாறி, அங்கிருந்து பின்னால் திரும்பி வருகிற ஃபீட்பேக் தலைகீழாகியிருந்தால் முதல் சேனலும் சேர்ந்து கத்தியிருக்கும். கிட்டாரைக் கழற்றினாலும் ஊளை நிற்கவில்லை என்கிறாய், அதனால் பிக்கப்பும் தப்பித்தது. மிச்சம் இருப்பது இரண்டாவது சேனலுக்கு மட்டும் சொந்தமான சமாச்சாரம்: கூடுதலாக இரண்டு ட்ரையோட் (ஒரு 12ஏஎக்ஸ்7-க்குள் இப்படி இரண்டு பெருக்கி இருக்கும்), சேனல் மாற்றுகிற ஒரு ரிலே, அவற்றுக்கு ஓடும் ஒயர்கள். நீ அளந்த வோல்ட்டேஜும் சரி. கேத்தோடில் 1.5 வோல்ட், அங்கே 1.5 கிலோ ஓம், ஆக 1 மில்லிஆம்பியர். அது பிளேட்டில் இருக்கிற 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வந்தால் 100 வோல்ட் விழும். சப்ளையின் 300 வோல்ட்டிலிருந்து கழித்தால் பிளேட்டில் 200. உன் மீட்டரும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டியிருக்கிறது. அப்படியானால் பாகங்கள் பிழைத்தன, ஒயர்கள்தான் பாக்கி.

மூன்றாவது படத்தைத் திறந்து வைத்துக்கொள். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற கெயின் திருகின் நடுக்காலிலிருந்து இரண்டாவது ஸ்டேஜ் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகிற முனை) ஒரு மஞ்சள் ஒயர் போகிறது. மூன்றாவது ஸ்டேஜ் பிளேட்டிலிருந்து கண்டென்சருக்கு ஒரு நீல ஒயர். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து, பின்னல் போடுகிற மாதிரி ஒயர் டை கட்டியிருக்கிறாய். நான்கு விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு ஸ்டேஜும், அதாவது ஒவ்வொரு ட்ரையோடும், சிக்னலைத் தலைகீழாக்கும். மஞ்சளில் ஏறுவது ஒரு ஸ்டேஜ் தாண்டினால் இறங்கும், இன்னொன்று தாண்டி நீலத்துக்கு வரும்போது மறுபடி ஏறும், அதுவும் பல நூறு மடங்காக. அதில் துளி மஞ்சளுக்குத் தாவினால் போதும், தன்னையே தான் பெருக்கிக்கொண்டு சுற்றும். கெயின் 6-ஐத் தாண்டினால்தான் கத்துகிறது என்றாயே, அதற்கும் இது பொருந்துகிறது.

டையை வெட்டு. காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து (பென்சில் கூடாது, உள்ளே கிராஃபைட்), கெயினை ஊளை வருகிற இடத்தில் வைத்து, மஞ்சள் ஒயரை மெதுவாகத் தள்ளிப் பார். சுருதி மாறினாலோ, சட்டென்று நின்றாலோ ஆள் அகப்பட்டான். குச்சியை நுனியில் பிடிக்காதே, பின்பக்கமாகப் பிடி. பிறகு அணைத்து, வடித்து, அளந்துவிட்டு மஞ்சளை எடுத்துவிட்டு ஷீல்டட் ஒயர் போடு. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும். சாக்கெட்டின் கிரிட் காலிலேயே ஒட்டினாற்போல 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடு. நீலத்தைச் சேஸிஸோடு (உலோகப் பெட்டியோடு) படிய வைத்து வேறு பக்கமாகக் கொண்டுபோ. இரண்டும் குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் கூட்டல் குறி போலக் குறுக்கிடட்டும்.

சேனல் மாற்றும்போது வருகிற "டொப்" சத்தம் தனிக் கதை, ஊளை அடங்கும் வரை அதைத் தொடாதே. பெரும்பாலும் ரிலே திறக்கும்போது கண்டென்சரின் ஒரு முனை அந்தரத்தில் தொங்குகிறது. அங்கிருந்து எர்த்துக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அடங்கிவிடும்.

ஒன்றை மாற்று, கேள், நோட்டில் எழுது, அப்புறம் அடுத்தது. சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு ஒரு ஸ்க்ரூவை மிச்சம் வைத்தவள் நீ. அந்த ஸ்க்ரூ இன்னும் என் டப்பாவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: கடைசிப் படத்தில் ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடக்கிறது, ஆனால் வால்வு எரிகிறது. ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக மாட்டுகிற டம்மி லோடோ இல்லாமல் இனி ஒரு நொடிகூட ஆன் செய்யாதே. வால்வு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், அந்த அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் நான் கையால் சுற்றியது.