பாலத்தில் மட்டும் கொஞ்சம் பின்னாலேயே வாருங்கள்

தஞ்சாவூர் – திருவையாறு சாலையில் பஸ்ஸும் லாரியும் வேனும் ஓட்டும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இந்தச் சாலையில் சைக்கிளில் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன். மழை பிடித்துக்கொண்டால் உங்கள் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் ஒரு சைக்கிள்காரன் எவ்வளவு எரிச்சலைக் கிளப்புவான் என்பதும் எனக்குத் தெரியும். சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன்: ஆற்றுப் பாலங்களில் சைக்கிளை முந்தாதீர்கள்.

ஏன் பாலத்தைப் பிடித்துக்கொண்டேன் என்றால், நம் சாலைக்கு வாய்த்தது அப்படி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டினால்தான் திருவையாறு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இத்தனை ஆறு. மற்ற இடங்களில் பஸ் நெருங்கி வந்தால் சைக்கிள்காரன் தாரை விட்டு மண்ணில் இறங்கிக்கொள்வான். அதுவும் சுலபமில்லை. தார் மேல் தார் போட்டு விளிம்பு உயர்ந்துகிடக்கும் இடத்தில் இறங்கினால் முன் சக்கரம் திரும்பி ஏறாது, வழுக்கிவிடும். ஆனாலும் உயிர் தப்ப அது ஒரு வழி. பாலத்தில் அந்த வழியும் கிடையாது. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், வலது பக்கம் உங்கள் பின் சக்கரம்.

அதோடு, பாலத்துக்கு ஏறும் மேட்டில் சைக்கிளின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சைக்கிள் ஆடும். எழுந்து நின்று மிதிக்கிற பிள்ளைகளின் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோணல்புத்தி இல்லை, மேடு ஏறும் விதமே அதுதான். பெரிய வண்டி பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், வண்டியின் உடம்பு தாண்டியதும் உள்ளே இழுக்கும். ஆடிக்கொண்டிருக்கிறவனை இப்படித் தள்ளி இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடக் கணக்கையும் பார்த்துவிடலாம். இரு வழிச் சாலைக்கு வழக்கமாக வைக்கும் தார் அகலம் 7 மீட்டர். ஒரு பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர், எதிரே வருகிறதும் அப்படியே. ஆக 5 மீட்டர் போய்விட்டது. மீதி இருக்கும் 2 மீட்டருக்குள் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி, எதிர்ப் பஸ்ஸுக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் இடைவெளி, சைக்கிளின் ஹேண்டில்பார், அதற்கும் சுவருக்கும் இடைவெளி, அப்புறம் உங்களுக்கும் சைக்கிளுக்கும் இடைவெளி, இவ்வளவும் அடங்க வேண்டும். அடங்காது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிக் கையேட்டைத் திருத்தியபோது, சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போ, அதற்கு இடமில்லை என்றால் முந்தாமல் பின்னால் காத்திரு என்று எழுதிவைத்தார்கள். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். நம் ஊர் அகலத்துக்கு அந்த அளவெல்லாம் எல்லா இடத்திலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அளவைக் கேட்கவில்லை, காத்திருப்பதை மட்டும் கேட்கிறேன்.

டைமிங் என்று சொல்வீர்கள். சரி. ஏறும் மேட்டையும் சேர்த்துப் பாலம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதைக் கடக்க 30 விநாடி ஆகும். நீங்கள் 50-ல் போனால் 7 விநாடி. வித்தியாசம் 23 விநாடி. ஐந்து பாலத்திலும் உங்களுக்கு முன்னால் ஒரு சைக்கிள் மாட்டினாலும் மொத்தம் இரண்டு நிமிடம் ஆகாது. தனியார் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் சின்ன விஷயமில்லை என்பதும் தெரியும். முன்னால் போகிற வண்டி கலெக்‌ஷனை அள்ளிக்கொண்டு போய்விடும், உங்கள் பேட்டா அதில்தான் இருக்கிறது, போய்ச் சேர்ந்ததும் டைம் கீப்பரிடம் பேச்சு வேறு வாங்க வேண்டும். உங்களை விரட்டுகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி முதலாளிகளிடம் பேசத்தான் வேண்டும், அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். ஆனால் எல்லா நடையிலும் எல்லாப் பாலத்திலும் சைக்கிள் மாட்டுவதில்லை. பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, நாலு அடி உருட்டி, மறுபடி நிறுத்தி ஆள் கூப்பிடுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் மரியாதை இல்லை என்று நான் நம்பவே மாட்டேன். எதிரே வண்டி வந்தால் டிம் செய்கிறீர்கள். முன்னால் போகிற லாரியின் கிளீனர் கையை வெளியே நீட்டி 'வா' என்று காட்டினால் அதை நம்பித்தான் பின்னால் வருகிறவர் ஏறிப் போகிறார். தாண்டியதும் நன்றிக்கு ஒரு சின்ன ஹாரன். இவ்வளவு அழகான பழக்கம் உங்களுக்குள் இருக்கிறது, ஆனால் சைக்கிள் அதில் சேர்த்தியில்லை. இங்கே லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று டிரைவருக்கு டிரைவர் புரியும். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு அது தெரியாது. தன்னைப் பார்த்துத்தான், போகச் சொல்லித்தான் லைட் அடிக்கிறார்கள் என்று குறுக்கே போய்விடுவாள்.

ஹாரனும் அப்படித்தான். தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன் கொடுத்தால் அது உதவி. காதுக்குப் பின்னால் வந்து அலறவிட்டால், சைக்கிள்காரன் திடுக்கிட்டு வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பான். தலை வலது பக்கம் திரும்பினால் கையும் கூடவே திரும்பும், சைக்கிள் உங்கள் பக்கமே வரும். நீங்கள் ஒதுங்கச் சொன்னதற்கு நேர் எதிர். ஏற்ற இறக்கத்தோடு பாட்டுப் பாடும் ஹாரனை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே கூடாது என்கின்றன. ஆனாலும் கண்டியூர் கடைத்தெரு வரைக்கும் அது கேட்கிறது.

அடுத்து ஸ்டாப். பாலத்துக்கு அடுத்தபடி எங்களுக்குப் பயம் தருவது இதுதான். சைக்கிளை முந்திப் போய், முந்திய கையோடு இடது பக்கம் ஒடித்து ஸ்டாப்பில் நிறுத்துவது. இறங்குகிற ஆளுக்காக ஐம்பது அடியில் நிற்கப் போகிற வண்டி, சைக்கிளை எதற்காக முந்த வேண்டும்? பின்னாலேயே வந்து நிறுத்தினால் சைக்கிள் தானாகப் போய்விடும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. நிற்கிற பஸ்ஸுக்கு இடது பக்கம், படிக்கட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் சைக்கிளை நுழைக்கிறவர்கள் இருக்கிறோம். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு அம்மா இறங்குகிற இடம் அது. டிரைவரிடம் மரியாதை கேட்கிற நாம் அந்த அம்மாவுக்கு என்ன மரியாதை கொடுத்தோம்? பஸ் நின்றால் பின்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று பேர் தோளில் கை போட்டுக்கொண்டு வரிசையாகப் போவது, டிராக்டர் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு ஓசியில் போவது, கை காட்டாமல் வலது பக்கம் திரும்புவது, காதில் பாட்டை மாட்டிக்கொள்வது இதெல்லாம் நம் கணக்கில் வருகிறவை. ராத்திரியில் லைட் இல்லாமல் கறுப்புச் சட்டையோடு போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு காலத்தில் டைனமோ எரியவில்லை என்றால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயமாவது இருந்தது. இப்போது பயமும் இல்லை, டைனமோவும் இல்லை. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்ட ஒரு டீ, வடைக் காசு போதும். நீங்கள் பார்க்க வேண்டும் என்றால் நாங்கள் தெரிய வேண்டும், அந்தப் பொறுப்பு எங்களுடையது.

அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை நெல்லுக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் எல்லோரும் ஓட்டுகிறோம். காயப்போட்ட நெல்லைச் சுற்றிக் கல் வேறு வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் சைக்கிள் நடுச்சாலைக்கு வந்தால் திமிர் என்று எண்ண வேண்டாம். விவசாயியைத் திட்டியும் பயனில்லை, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் மூட்டையை எடுப்பார்கள்.

பள்ளிக்கூட நேரத்தில் நீங்கள் பார்க்கிற சைக்கிள்களில் பெரும்பாலானவை அரசு கொடுத்தவை. 2005-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் சேருகிற எல்லோருக்கும் சைக்கிள் என்றானது. அதுவரை தெருவில் பழகிய பிள்ளை முதன்முதலாகப் பெரிய சாலைக்கு வருவது அந்தச் சைக்கிளில்தான். சைக்கிள் கொடுக்கிற அன்றைக்கே, எந்தப் பள்ளியாவது உங்களில் ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசச் சொன்னால் தயவுசெய்து போய் வாருங்கள். டிரைவர் சீட்டிலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். நான் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

கடைசியாகக் கண்டக்டர் அண்ணன்களுக்கு. படியில் தொங்குகிற பையன்கள், பக்கத்தில் போகும் சைக்கிள்காரரின் காதருகே கத்துகிறார்கள், பஸ் தகரத்தைத் தட்டி மிரட்டுகிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் உற்சாகம். டிரைவருக்கு இது தெரியாது, பின் படியருகே நிற்கிற உங்களுக்குத் தெரியும். அவர்களை உள்ளே ஏற்றுங்கள். விசில் கொடுப்பதற்கு முன் ஒரு தரம் தலையை நீட்டிப் பின்னால் பாருங்கள், சைக்கிள் வந்தால் அது தாண்டட்டும், பிறகு ரைட் கொடுங்கள்.

இப்படிக்கு,
அதே சாலையில் போய் வரும் ஒரு சைக்கிள்காரன்