திருப்பி அனுப்பினால் கைதட்டலா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வருடக்கணக்கில் குடும்பம் குட்டியோடு இருப்பவர்களைக் காகிதம் இல்லை என்று பிடித்து அனுப்பினால், இங்கே டீக்கடையில் "சரியான வேலை" என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்கள், அதில் பலர் விலங்கு பூட்டப்பட்டு, ராணுவ விமானத்தில் அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டபோதும் இதே பேச்சுதான். விசா முடிந்தும் மலேசியாவில் தங்கிச் சம்பாதித்து வீடு கட்டியவர்கள் நம் டெல்டாவில் இல்லையா என்ன, வளைகுடாவில் பொதுமன்னிப்பு என்றால் முதலில் விசாரிப்பதும் நாம்தானே! நேற்று எல்லை தாண்டியவர் வேறு, அங்கேயே பிள்ளை பெற்று வரியும் கட்டுகிறவர் வேறு. 1986-ல் அமெரிக்க அதிபர் ரீகன் காலத்திலேயே சட்டம் போட்டு, விவசாயக் கூலிகளையும் சேர்த்துச் சுமார் 27 லட்சம் பேருக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுத்தார்கள். அதை ஏன் இப்போது யாரும் பேசுவதில்லை?

ஒரு வாசகர், கூத்தாநல்லூர்