சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் இருந்து மகளுக்கு

அன்பு மகள்,

நீ அனுப்பின வொயிஸ் மெசேஜை முழுக்கக் கேட்டேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன், அவ பாதியிலேயே எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. வாயால் பதில் சொல்ல வெளிக்கிட்டால் நான் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும், அதுதான் எழுதுகிறேன்.

அந்தப் பாஸ்டருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு ரொறன்ரோ, மொன்றியல், லண்டன், பாரிஸ் என்று திரிந்தாய். இப்போது, "கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்" என்று அவர் மேடையில் சொன்ன பெயரும் நோய் வருத்தமும் வாசலில் ஆக்கள் நிரப்பிக் கொடுத்த ஜெபப் படிவத்தில் இருந்தவைதான் என்று கண்ணால் கண்டுவிட்டாய். இனி எந்தச் சபைப் படியும் மிதிக்க மாட்டேன் என்கிறாய், சரி, அது உன் விருப்பம், நான் அதில் தலையிடவில்லை. ஆனால் "அப்ப நான் அழுதது எல்லாம் பொய்யா அப்பா" என்று கேட்டாயே, அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

உன் அப்பா ஸ்பீக்கர் கட்டிப் பிழைத்தவன். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, செத்த வீடு, கன்வென்ஷன், எல்லாவற்றுக்கும் அதே பெட்டி, அதே வயர். 2009க்குப் பிறகு, யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிரசங்கிமார் வரத் தொடங்கினார்கள், மதில் முழுக்கச் சுகமளிக்கும் கூட்டப் போஸ்டர். கதிரைகளை வேண்டுமென்றே குறைத்துப் போடச் சொல்லுவார்கள், அப்போதுதான் நிற்கிற சனம் வீடியோவில் பெருங்கூட்டமாகத் தெரியும். பிரசங்கம் உச்சத்துக்கு வருகிற நேரம் கீபோர்ட் பெடியனுக்கு ஒரு கண்சாடை, அவன் ஒரே கோர்டைப் பிடித்தபடி இருப்பான். எனக்கு ஒரு கைச்சாடை, நான் குரலுக்கு எக்கோவைக் கொஞ்சம் ஏற்றுவேன். விழுகிறவர்களைத் தாங்குவதற்கு இரண்டு பேர் முன்கூட்டியே பின்னால் வந்து நிற்பார்கள். காணிக்கைப் பை எப்போதும் சுகமளிப்புக்கு முதல்தான் சுற்றும். இவ்வளவும் தெரிந்த எனக்கே சில இரவுகளில் உடம்பு புல்லரித்திருக்கிறது, எக்கோவை ஏற்றின கை என்னுடையது என்று தெரிந்துகொண்டே. ஆகவே நீ அழுதது பொய்யில்லை. உனக்குள் இருந்த துக்கம் உன்னுடையது, அதை வெளியில் எடுத்த வித்தைதான் அவருடையது.

இது இன்றைக்கு நேற்று வந்த வித்தையும் இல்லை. 1739இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு ஜோர்ஜ் வைற்பீல்ட் என்று ஊர் ஊராகப் போகிற பிரசங்கி ஒருவர் வந்தார். மைக் இல்லாத காலம். பிறகு அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் கூட்டத்தில் நின்றவர், அந்த மனிசனின் குரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கத் தெருவழியே பின்னுக்கு நடந்து போய், இடத்தை அளந்து, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கும் என்று கணக்குப் போட்டார். (ஸ்பீக்கர்காரனுக்கு இதை வாசித்தால் வயிறு எரியாதா!) இன்னொரு தரம் ஒரு சதமும் போடுவதில்லை என்ற முடிவோடு போனவர், பிரசங்கம் போகப் போக செப்புக்காசு போடுவோம் என்று இளகி, பிறகு வெள்ளி என்று இறங்கி, கடைசியில் தங்கத்தோடு சேர்த்துப் பையில் இருந்த எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டார். ஆனால் அவரே எழுதி வைத்த இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிது. ஊர் ஊராகப் போகிறவர் ஒரே பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் மெருகேற்றிவிடுகிறார், ஒரே ஊரில் இருக்கிற போதகருக்கு அந்த வசதி இல்லை என்கிறார். அப்படி இருந்தும் வைற்பீல்ட் நேர்மையானவர் என்றுதான் கடைசி வரை சொன்னார், அந்தக் காசு ஜோர்ஜியாவில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு என்று அவருக்குத் தெரியும். சைவத்துக்காக நின்ற எங்கள் ஆறுமுக நாவலர்கூட 1847இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கியபோது மிஷனரிமாரிடம் கண்ட முறையைத்தான் கையில் எடுத்தார். மேடை வித்தை இருந்தாலே கள்ளன் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் வெறுத்தது வேறொரு இடத்தில். ஒரு கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா, மடியில் யுத்தத்தில் காணாமல் போன மகனின் படம், பிளாஸ்டிக் உறை போட்டது. அப்படிப் படம் வைத்திருக்கிற அம்மாமார் இங்கே எத்தனை பேர் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிரசங்கியார் அவவுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணை மூடி, "உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான், மூன்று மாதத்துக்குள் படலையைத் திறந்துகொண்டு வருவான்" என்றார். சனம் அல்லேலூயா என்று கத்தியதில் என் மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றிரவே அவர் கொழும்பு பஸ் ஏறிவிட்டார். அடுத்த நாள் காலையில் நான் வயர் சுற்றிக்கொண்டு நிற்கிறேன், அந்த அம்மா வந்து, "ஐயா திரும்பி எப்ப வருவார், பிள்ளை வந்தால் முதல் அவரிட்டத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று கேட்கிறா. மூன்று மாதம் கழிந்து அந்தக் கேள்விக்கு முகம் கொடுத்தது யார்? எங்கள் ஊர்ப் போதகர். தொண்டை கட்டின குரலில் பிரசங்கம் பண்ணி எங்களை நித்திரையாக்குகிற அதே மனிசன், கிழமைக்கு ஒரு தரம் அவவின் வீட்டுத் திண்ணையில் போய் இருந்தார். பயணப் பிரசங்கிக்கு அடுத்த நாள் காலை என்று ஒன்று கிடையாது, மகள். அதுதான் அவருக்கு இருக்கிற பெரிய வசதி.

உன்னுடைய ஆள் படிவத்தைப் பார்த்தார் என்று அதிசயப்படுகிறாய். அமெரிக்காவில் பீற்றர் பொப்போப் என்ற சுகமளிப்புப் பிரசங்கிக்கு மனைவியே ரேடியோவில் காதுக்குள் சொல்லிக் கொடுத்தா, பெயர், வருத்தம், வீட்டு விலாசம் எல்லாம். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரரின் ஆக்கள் 39.17 மெகாஹெர்ட்ஸில் அதை ஒட்டுக்கேட்டுப் பதிந்து, நாடு முழுக்கப் பார்க்கிற ரிவி நிகழ்ச்சியில் போட்டார்கள். அடுத்த வருடம் பொப்போப் வங்குரோத்து. முடிந்தது என்று நினைத்தாயா, சில வருடத்தில் அற்புதத் தண்ணீர் அனுப்புகிறேன் என்று திரும்ப ரிவிக்கு வந்துவிட்டார், சனமும் எழுதிப் போட்டது. ஆகவே நீ முகநூலில் எழுதிக் கிழித்தால் உன் பாஸ்டர் ஓய்ந்துவிடுவார் என்று நினைக்காதே.

காசு விஷயம் கேட்டாய். மொன்றியலில் கோயில் கணக்குப் பார்க்கிற உன் சித்தப்பாவிடம் கதைத்தேன். கனடாவில் பதிந்த தொண்டு நிறுவனம் என்றால், சபையாக இருந்தாலும், வருடா வருடம் ரி3010 என்ற படிவம் வரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டுமாம், அதை யாரும் இணையத்தில் பார்க்கலாமாம். நீ சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகம் என்று கொடுத்தவள், எடுத்துப் பார். பதிவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆனால் அது நாளைக்குச் செய்கிற வேலை. மெசேஜின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாய், ஸ்காபரோவில் ஒரு ஆச்சி, "நீ சுகமானாய்" என்று அவர் சொன்னதைக் கேட்டு பிரஷர் குளிசையை விட்டுவிட்டா என்று. அவர் சொன்னது இங்கிலீஷில். ஆச்சிக்குக் கேட்டது உன் குரல். இன்றைக்கே அவவுக்கு எடு, அவவின் பிள்ளைகளுக்கும் சொல்லு, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. எங்களுக்கு ஆறுதலாக எடுக்கலாம்.

அப்பா