இன்னிக்கு உள்ளே நீ யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வி.ஆர். ஹெட்செட் பற்றி, அதாவது கண்ணில் மாட்டினால் கணினி வரைந்த வேறோர் உலகத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் கருவி பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "கழற்றி வைத்தால் முடிந்தது, இதுவும் ஒரு விளையாட்டுதான். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றோருக்குத் தைரியம் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் தீக்காய வார்டில் கழித்தவள். "கழற்றி வைத்தால் முடிந்தது" என்ற அந்த வரியை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை.

தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்ட அன்றைய வலியைவிடக் கொடுமை தினமும் டிரெஸ்ஸிங் மாற்றுவது. காய்ந்து ஒட்டிக்கொண்ட காஸ் துணியைச் சலைன் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். மார்ஃபின் கொடுத்தும் சிலருக்குத் தாங்காது. வராந்தாவில் டிராலிச் சக்கரத்தின் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் டாக்டர் ஒருவர் ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்து, கை வெந்திருந்த 14 வயதுப் பையனுக்கு மாட்டிவிட்டார். அவன் நல்ல கையால் உள்ளே எதையோ குறிபார்த்து எறிந்துகொண்டிருந்தான். நான் உரித்துக்கொண்டே போனேன். முழங்கை மடிப்புக்கு வந்ததும் கை தானாக நின்றது. தினமும் அவன் கத்துகிற இடம் அது. இரண்டு முறை முனகினான், அவ்வளவுதான். "இன்னும் எவ்வளவு இருக்கு, சிஸ்டர்?" என்று அவன் கேட்டபோது நான் புதுக் கட்டின் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் தீக்காயம் பட்ட வளரிளம் பருவத்தினரிடம் இதைச் செய்து பார்த்து 2000-லேயே எழுதியிருக்கிறார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துபோய்ப் பனிமனிதர்கள் மேல் பனி உருண்டை எறிகிற 'ஸ்னோவேர்ல்ட்' அவர்கள் உருவாக்கியதுதான். 2004-இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வில், வலியை உணரும் பகுதிகளின் செயல்பாடே குறைந்ததைப் பார்த்தார்கள். மனதின் கவனம் ஓர் அளவுதான். அதை வேறெங்கோ இழுத்துக்கொண்டால் வலிக்குக் கிடைப்பது குறைந்துபோகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஆகவே இந்தக் கருவிமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அந்தப் பையனின் கையைப் பிடித்திருந்தவள் நான். ஆனால் வெந்த தோலிலிருந்து துணியை உரிக்கும் வலியையே தள்ளி வைக்கிற ஒன்றை வெறும் விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? வேலை செய்கிற மருந்து என்றால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதித்தானே கொடுக்கிறோம்?

வீட்டில் என் மகள் எனக்கு ஒருமுறை அதை மாட்டிவிட்டாள். உயரமான கட்டடத்தின் விளிம்பு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகை. "நடந்து போம்மா, நீ கூடத்துலதான் நிக்கிற" என்றாள். தெரியும். உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி தெரிகிறது, சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்கிறது. இருந்தும் முழங்கால் மடங்கிவிட்டது. கையை நீட்டி இல்லாத சுவரைத் தேடினேன். கழற்றிய பிறகும் நெஞ்சு படபடத்தது, நானே நாடி பிடித்துப் பார்த்தேன். 112.

என் அறிவு குறைந்ததால் வந்தது அல்ல இது. 2006-இல் லண்டனில் மெல் ஸ்லேட்டரும் அவருடைய குழுவினரும், ஸ்டான்லி மில்கிராமின் பழைய மின் அதிர்ச்சிச் சோதனையை வி.ஆரில் திரும்பச் செய்தார்கள். மேலே இருப்பவர் சொன்னால் இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த சோதனை அது. அதிர்ச்சி வாங்குகிறவள் கணினி வரைந்த ஒரு பெண். அவளும் நிஜமில்லை, மின்சாரமும் நிஜமில்லை என்று கலந்துகொண்ட 34 பேருக்கும் தெரியும். இருந்தும் அவளைப் பார்த்து, குரலைக் கேட்டு அதைச் செய்தவர்களின் உடல், நிஜத்தில் ஒருவரைத் துன்புறுத்தும்போது பதறுவதைப் போலவே பதறியது. 'பொய்தானே' என்று தெரிந்திருப்பது ஒரு பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். உடம்பு அதைக் காதில் வாங்குவதில்லை.

இனி என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வுக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் இருவரும் 2007-இல் வெளியிட்டது. ஆட்களுக்கு வி.ஆருக்குள் வேறு வேறு உருவம் கொடுத்தார்கள். அழகான முகம் கிடைத்தவர்கள் எதிரில் இருப்பவருக்கு இன்னும் நெருங்கிப் போய் நின்று, தங்களைப் பற்றி அதிகமாகச் சொன்னார்கள். உயரமான உடல் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கு பிரிக்கும்போது தங்கள் பக்கம் கூடுதலாக இழுத்தார்கள். குள்ளமான உடல் கிடைத்தவர்களோ அநியாயப் பங்கைக்கூடச் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள், உயரமானவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர். எதிரில் இருந்தவரோடு உயர வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 10 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த ஆய்வு வந்தது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசியபோதும், உள்ளே உயரமாக இருந்தவர்களின் மிடுக்கு கூடவே வந்திருந்தது.

உங்கள் கட்டுரையின் அந்த வரிக்கு என் பதில் இதுதான். கழற்றியவுடன் எல்லாமே முடிந்துவிடுவதில்லை.

இன்னொருவரின் உடலுக்குள் போய்ப் பார்த்தால் இரக்கம் வளரும் என்றும் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது. அது பாதி உண்மை. வெள்ளையர்களுக்குக் கறுப்பின உடலைக் கொடுத்து, கண்ணாடி முன் சிறிது நேரம் இருக்கவிட்ட ஆய்வில் மறைமுக இனச் சார்பு, அதாவது தமக்கே தெரியாமல் ஓர் இனத்தைத் தாழ்வாக நினைக்கும் போக்கு, குறைந்தது; அது 2013-இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2009-இல் வந்த இன்னோர் ஆய்வில், கறுப்பின உருவம் எடுத்து வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்தவர்களிடம் அந்தச் சார்பு கூடியிருந்தது. கண்ணாடி முன் அமைதியாக நிற்பதும், ஒருவர் எடை போடுகிற நாற்காலியில் உட்காருவதும் ஒன்றா? உள்ளே போகிறவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்று பார்க்காமல் 'இரக்கம் வளரும்' என்று சொல்லிவிடக் கூடாது.

சின்னக் குழந்தைகள் கதையே வேறு. 2009-இல் கேத்ரின் செகோவியாவும் பெய்லென்சனும் செய்த ஆய்வில், தங்களைப் போன்ற உருவம் திமிங்கிலங்களோடு நீந்துவதை வி.ஆரில் பார்த்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் சிலர், சில நாள் கழித்து அது உண்மையிலேயே நடந்ததாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொன்ன குழந்தைகளிடமும் அது நடந்தது, அதனால் இயந்திரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இன்னும் சிறியவர்களுக்கு எந்த வழியில் சொன்னாலும் பொய் நினைவு ஒட்டிக்கொண்டது. நடந்தது எது, நடக்காதது எது என்ற வேலி இப்போதுதான் போடப்படுகிற வயது அது.

என் பேரனுக்கு 11 வயது, அவன் தங்கைக்கு 5. ஒரு நாள் அவன் கழற்றி வைத்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாரும் என் இடுப்பு உயரம்தான் பாட்டி. நான் கால் வெச்சா ஓடினாங்க" என்றான். அதுவரை நாங்கள் கடிகாரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 20 நிமிடம், சரி, போதும். அந்த 20 நிமிடமும் அவன் யாராக இருந்தான் என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தங்கையிடம் அவன் குரல் உயர்ந்தது. ஒரு பிள்ளையின் ஒரு நாளை வைத்து ஹெட்செட்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வார்டில் ஒரு காய்ச்சலை வைத்து நோயைத் தீர்மானித்ததில்லை. ஆனால் கவனிக்க ஆரம்பித்தேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பொருள் பற்றி எழுதும்போது, நிமிடக் கணக்கோடு இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்: அந்த விளையாட்டில் பிள்ளைக்கு என்ன உருவம் கிடைக்கிறது, அந்த உருவத்தோடு என்ன செய்ய வைக்கிறார்கள், அவனுக்கு அங்கே என்ன நடக்கிறது. பெட்டியின் மேல் இதெல்லாம் அச்சிட்டு வருவதில்லை. பெரியவர் ஒருவர் முதலில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். 5 வயதுக் குழந்தைக்குச் சும்மா வேடிக்கைக்குக்கூட மாட்டிவிட வேண்டாம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். சின்னவள் எவ்வளவு அழுதாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பேரன் இப்போதும் வாரம் இரண்டு நாள் விளையாடுகிறான். புதிதாக ஏதாவது வந்தால் முதலில் என் மகள் மாட்டிப் பார்க்கிறாள். அவன் கழற்றியதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு உள்ளே நீ யாரு?" என்று கேட்கிறேன். போன வாரம் கடல் ஆமை என்றான். தலையைத் திருப்பவே எவ்வளவு நேரம் ஆகிறது என்று, கூடத்தில் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காட்டினான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி