உயிர்த்தகவலியல் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர். எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுத்து அனுப்பப்படும் அரிசிமணி அளவுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, உணவுக்குழாய்ப் புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் அன்றாட வேலை. அந்தத் திசு என் மேசைக்கு வருவதற்குள் பலருக்குச் சோறு இறங்குவது நின்று, கஞ்சி மட்டும் இறங்கும் நிலை வந்துவிடுகிறது. அதனாலேயே இந்நோயின் முக்கிய மரபணுக்களைக் கணினிவழி தேடும் உங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளை ஆவலோடு படிக்கிறேன். படித்தபின் எழும் கவலையைச் சொல்லவே இம்மடல்.

பெரும்பாலான ஆய்வேடுகள் ஒரே தடத்தில் செல்கின்றன. மரபணுச் செயல்பாட்டு அளவுகள் பொதுவில் கிடைக்கும் ஜியோ (GEO) தரவுத்தளத்திலிருந்து இரண்டு மூன்று தொகுப்புகளை இறக்கி, புற்றுத்திசுவை இயல்பான திசுவோடு ஒப்பிட்டு, செயல்பாட்டு அளவு வேறுபடும் மரபணுக்களை, புரதங்களுக்கிடையிலான தொடர்புகளைத் தொகுத்துவைத்திருக்கும் ஸ்ட்ரிங் (STRING) தளத்தில் இட்டு, சைட்டோஸ்கேப் என்ற மென்பொருளில் வலைப்படம் வரைந்து, நடுவே அடர்சிவப்பில் நிற்கும் பத்தை 'ஹப் ஜீன்', அதாவது வலையின் மைய மரபணுக்கள், என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பத்தில் சிடிகே1, சிசிஎன்பி1, டாப்2ஏ போன்றவை திரும்பத் திரும்ப வருகின்றன. இவை செல் பிரிவோடு பிணைந்த மரபணுக்கள். கல்லீரல், நுரையீரல், மார்பகம் என எந்தப் புற்றுநோயை இவ்வழியில் ஒப்பிட்டாலும் பெரும்பாலும் இவையே மேலே வரும். பிரிவின் வேகத்தை நாங்கள், பிரியும் செல்களில் காணப்படும் கேஐ-67 (Ki-67) என்ற புரதத்துக்குச் சாயமேற்றி ஏற்கெனவே பார்த்துவருகிறோம். மேலும், அதிகம் ஆராயப்பட்ட மரபணுக்களுக்கு ஸ்ட்ரிங்கில் இணைப்புகளும் அதிகம் என்பதால், வலையின் நடுவில் நிற்பது நோயில் அதன் பங்கைக் காட்டுகிறதா, ஆய்வாளரிடையே அதற்குள்ள புகழைக் காட்டுகிறதா என்று மாணவர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது, இரண்டு நோய்களை ஒன்றாகக் கலப்பது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில், உட்புறத்தின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் வகை, சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா என இரு முக்கிய வகைகள் உண்டு. 164 உணவுக்குழாய்க் கட்டிகளை ஆராய்ந்து டிசிஜிஏ (TCGA) என்ற புற்றுநோய் மரபணுத்தொகுதி ஆய்வுக் குழு 2017இல் வெளியிட்ட கட்டுரை, செதிள் செல் வகை பிற உறுப்புகளின் செதிள் செல் புற்றுநோய்களையும், அடினோகார்சினோமா இரைப்பைப் புற்றுநோயின் ஒரு வகையையும் ஒத்திருப்பதைத் தெளிவாகக் காட்டியது. முதலாவதில் எஸ்ஓஎக்ஸ்2, டிபி63 மரபணுக்களின் படிகள் பெருகுகின்றன, இரண்டாவதில் ஈஆர்பிபி2. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டில் செதிள் செல் வகையே மிகுதி. இரண்டையும் கலந்து எடுத்த பட்டியல் எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

ஈஆர்பிபி2வின் கதையையே பாருங்கள். அதன் புரதமான ஹெர்2 திசுவில் மிகுந்திருப்பதைச் சாயமேற்றியோ மரபணுப் படிகளை எண்ணியோ உறுதிசெய்து, அத்தகைய நோயாளிகளை மட்டும் சேர்த்து, ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சோதித்ததில்தான், இரைப்பையிலும் இரைப்பை-உணவுக்குழாய்ச் சந்திப்பிலும் தோன்றும் புற்றுநோய்க்கு அம்மருந்து பயன்படுவது 2010இல் நிலைநாட்டப்பட்டது. திசுவில் காணாத வரை எந்த மரபணுவும் மருத்துவருக்குக் கைகொடுப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரு வகைகளையும் பிரித்து ஆராயச் சொல்லுங்கள். 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் (நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தேற இடம்தரும் புள்ளியியல் வரம்பு) சோதித்தால் உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஏறத்தாழ 1,000 தற்செயலாகத் தேறிவிடும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுங்கள். தேடலில் பயன்படுத்தாத வேறொரு தொகுப்பில் முடிவைச் சரிபார்த்த பின், பட்டியலோடு எங்களிடம் வாருங்கள். நோயாளிகளின் திசுவை மெழுகில் பதித்துவைத்த ஆண்டுக்கணக்கான பாரஃபின் கட்டைகள் எங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அறநெறிக் குழுவின் ஒப்புதலோடு அவற்றில் சோதித்துப் பார்க்கலாம். ஆய்வுத் தலைப்பு முடிவாகும் நாளிலேயே எங்களில் ஒருவரை அழைத்தால், எந்த வகைக் கட்டி, எத்தனை மாதிரி, எந்தப் புரதத்துக்குச் சாயமேற்றத் தேவையான எதிர்ப்பொருள் (antibody) கிடைக்கும் என்பதையெல்லாம் அன்றே பேசிக்கொள்ளலாம்.

மரியாதையுடன்,
ஒரு நோய்க்குறியியல் மருத்துவர்