ஏரி என்று எழுதியிருந்தாய்

தூத்துக்குடி
மே 18

அன்புள்ள ஜெனி,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. தண்ணீரில் பலகை மேல் நின்று ஓட்டும் பழைய பட்டம், 12 சதுர மீட்டர், பாதி விலைக்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "இங்கே கடல் இல்லப்பா, ஏரிதான், பயப்படாதீங்க." அம்மா அதைப் படித்துவிட்டு நிம்மதியாக மீன் கழுவப் போய்விட்டாள். ஏரி என்றதும் அவளுக்கு நினைவு வந்தது கோரம்பள்ளம் குளம். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் உன் டுலூத் ஊரை ஒட்டிய அந்த சுப்பீரியர் ஏரியில் நான் கப்பலோடு வந்தவன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 1998 அக்டோபர், நீ பிறக்கும் முன்னால். அட்லாண்டிக்கிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் நுழைந்து, கப்பலைப் படிப்படியாகத் தூக்கிவிடும் மதகுத் தொட்டிகளில் லாக் லாக்காக ஏறி, கடல் மட்டத்துக்கு 183 மீட்டர் மேலே இருக்கும் உன் ஊருக்குக் கோதுமை ஏற்ற வந்தோம். கடலிலிருந்து டுலூத் வரை ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். துறையில் இடம் கிடைக்காமல் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். நீ தினமும் பார்க்கிற அந்தத் தூக்குப் பாலத்தை டெக்கில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுப்பீரியர் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைத் தூக்கி அதில் வைத்தால் அடங்கிப்போய்ச் சுற்றிலும் தண்ணீரும் மிச்சம் இருக்கும். அதிக ஆழம் 406 மீட்டர். உப்பு இல்லை என்பதைத் தவிர அதை ஏரி என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. உப்பு இல்லாததும் நமக்கு நல்லதில்லை. நல்ல தண்ணீருக்குள் வந்தால் கப்பலே ஏறக்குறைய ஒரு சாண் கூடுதலாக இறங்கும். ஆளும் அப்படித்தான்.

நங்கூரத்தில் கிடந்த இரண்டாம் நாள். கப்பல் எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்க்க வெளிப்பக்கம் கயிற்றேணியில் ஒருவர் இறங்கினார். நம்ம பக்கத்துக்காரர். சின்ன வயதில் சங்கு குளித்தவர். மூச்சு அடக்குவதிலும் நீச்சலிலும் கப்பலிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கால் வழுக்கி விழுந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். வெயில் நன்றாகக் காய்ந்த நாள், காற்றும் இல்லை. நான் உடனே வளையத்தை வீசினேன், கைக்கு எட்டும் தூரத்தில் விழுந்தது. பிடித்துக்கொண்டார். இழுத்தால் கை நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறார், மறுபடி நழுவுகிறது. விரல் மடங்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், சத்தம் வரவில்லை. கடைசியில் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அவர் அக்குளுக்குக் கீழே சுருக்குப் போட்டு, மூட்டை மாதிரிதான் தூக்கினோம். தண்ணீரில் இருந்தது ஆறு ஏழு நிமிஷம். பிழைத்தார். மறுநாள் காலையில் தேநீர்க் குவளையைக்கூட இரண்டு கையாலும்தான் பிடித்தார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. குளிர்ந்த தண்ணீர் முதலில் உயிரை எடுப்பதில்லை, கையைத்தான் எடுக்கிறது. பின்னால் பாதுகாப்பு வகுப்பில் இதையே கணக்காகச் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மானிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர், தானே பனித்தண்ணீரில் இறங்கி இறங்கி ஆராய்ந்தவர், அவர் பரப்பிய கணக்கு. விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு உன் பேச்சைக் கேட்காது. தானாக இழுக்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே இழுக்கும். அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் உருப்படியாக வேலை செய்யும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டுத்தான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். உடம்பு சில்லிட்டுச் செத்தவர்களைவிட, அதற்கு முன்பே கை விறைத்து முழுகியவர்கள்தான் அதிகம் என்று அந்த வகுப்பில் சொன்னார்கள். நான் கண்ணால் பார்த்ததும் அதற்கு ஒத்துத்தான் இருந்தது.

இப்போது உன் பட்டத்துக்கு வருகிறேன். போன வருஷம் பிரப்பன்வலசையில் நீ மூன்று நாள் கற்றுக்கொண்டபோது குடைக்கடியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த 20 மீட்டர் கயிறு, கையில் பிடித்து ஓட்டும் பார், இடுப்புப் பட்டை, பட்டத்தின் இழுவை போக அவசரத்துக்கு இழுக்கும் ரிலீஸ் எல்லாம் எனக்கும் அத்துபடி. நீ எத்தனை தடவை விழுந்தாய் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் மட்டும் நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு தடவையும் என்ன செய்தாய்? எழுந்து நின்றாய். முழங்கால் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. பலகை நழுவினால் நடந்து போய் எடுத்தாய். கயிறு சிக்கினால் வாத்தியார் நடந்து வந்து பிரித்துக் கொடுத்தார். அங்கே நீ ஓட்டக் கற்றது பாதிதான் அம்மாடி, மீதியெல்லாம் காலுக்கடியில் இருந்த மணல் செய்த வேலை. அந்த மணல் டுலூத்தில் ஏரிப்பக்கம் தள்ளிப் போனால் காலுக்கு எட்டாது.

கால் எட்டாத இடத்தில் பட்டம் தண்ணீரில் விழுந்து மறுபடி ஏறாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்துப் பார். ரிலீஸை இழுக்க வேண்டும். கயிற்றைப் பாரில் சுற்றிச் சுற்றிப் பட்டம் வரை போக வேண்டும். அதன் ஓரத்தைப் பிடித்துப் பாய் மாதிரி வைத்துக் கரைக்கு வர வேண்டும். முழுக்க முழுக்க விரல் வேலை. பழகியவர்களுக்கே பத்து நிமிஷம் பிடிக்கும் என்றார் உன் வாத்தியார். தண்ணீர் உனக்குக் கொடுப்பதும் அதே பத்து நிமிஷம். முழங்கால் தண்ணீரில் இதை ஒரு தடவைகூட நீ முழுசாகச் செய்து நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே அதற்குத் தேவையே வரவில்லை.

"ஆகஸ்டில் 18 டிகிரி வரும்ப்பா" என்பாய். வரும். ஆனால் அது பாலின் மேல் மிதக்கும் ஆடை மாதிரி. மேற்கிலிருந்து ஒரு நாள் பலமாகக் காற்று அடித்தால் அந்த ஆடையை அப்படியே நடு ஏரிக்குத் தள்ளிவிடும், அடியிலிருந்து பழைய குளிர் மேலே வரும். முந்தா நாள் குளித்த இடத்தில் மறுநாள் கால் வைக்க முடியாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் கன்னியாகுமரிப் பக்கம் அடித்தண்ணீர் மேலே வந்து கடல் சில்லிடுவதும் இதே மாதிரிதான், அங்கே உயிர் போகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். இந்த மே மாதத்தில் ஆடையும் கிடையாது. வெளியே 25 டிகிரி வெயிலில் நீ டி ஷர்ட்டோடு நிற்பாய், தண்ணீர் ஐந்து ஆறில் இருக்கும். தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும், வெயிலைப் பார்த்து அல்ல.

ஆனால் குளிரைவிட நான் பயப்படுவது காற்றின் திசைக்கு.

உன் தாத்தா தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். கச்சான் அடிக்கும் நாளில் எங்களைக் கரையை விட்டுத் தள்ளிப் போக விடமாட்டார். கச்சான் நமக்குக் கரையிலிருந்து கடலுக்கு ஓடும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அலையே இருக்காது, குழந்தைகூட இறங்கலாம் போலத் தோன்றும். தள்ளிப் போகப் போகத்தான் அது பல்லைக் காட்டும். அந்த நேரம் திரும்பலாம் என்றால் காற்று விடாது. வாடை முரட்டுக் காற்றுதான், ஆனாலும் கரையில் கொண்டு வந்து வீசிவிடும் என்பார்.

உன் பார்க் பாயின்டை மேப்பில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் மணல் திட்டு. ஒரு ரோடு, இரண்டு பக்கம் வீடு, அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் பெரிய ஏரி, மறுபக்கம் துறைமுகத்து உள்வாங்கல், அதாவது விரிகுடா. தென்மேற்குக் காற்று அடித்தால் ஏரிப்பக்கம் அது கச்சான். வெயிலும் இருக்கும், தண்ணீரும் தட்டையாக இருக்கும், உன்னைக் கூப்பிடும். அன்றைக்கு அங்கே இறங்கினால் காற்று தள்ளும் பக்கத்தில் உனக்கு அடுத்த கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே நேரம், அதே காற்று, ரோட்டைத் தாண்டி உள்வாங்கல் பக்கம் போனால் உன்னைக் கரைக்குத் தள்ளும். விழுந்தாலும் மணலில் வந்து ஒதுங்குவாய்.

வடகிழக்குக் காற்றுக்கு இது தலைகீழ். ஏரி நீளத்துக்கும் ஓடி வந்து பார்க் பாயின்டில் மோதும். கெட்டிக்காரர்கள் பட்டம் ஓட்டுவது அந்த நாளில்தான் என்று எழுதியிருந்தாய். சரி. ஆனால் அந்த அலை கரையில் குவித்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடி ஆளையும் இழுத்துக்கொண்டு போகும், அதற்காகத்தான் அங்கே சிவப்புக் கொடி ஏற்றுகிறார்கள். காற்றும் குளிர்ந்த காற்று, அடர்த்தி அதிகம். இங்கே 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் இழுத்ததைவிட அங்கே அதே வேகத்தில் கொஞ்சம் கூடவே இழுக்கும். 12 மீட்டர் பட்டம் உன் எடைக்கு அன்று பெரிது.

அதனால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்ளும்வரை பெரிய ஏரி வேண்டாம். பட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் எழுதச் சொல்லி அம்மா இப்போது பக்கத்தில் நிற்கிறாள், ஆனால் பத்தொன்பது வயதில் என் அம்மாவிடம் சொல்லாமல் கப்பல் ஏறியவன் அதை எழுதினால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். உள்வாங்கல் பக்கம் போ. ஜூன் கடைசிவரை பொறு, ஜூலையில் அங்கே குளிக்கும் அளவுக்குச் சூடேறும். காற்று நேராக வீடுகளைப் பார்த்து அடிப்பதைவிட, தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ சற்றுச் சாய்ந்து வருவது நல்லது, இல்லாவிட்டால் மரத்தில் போய்த் தொங்குவாய். கப்பல் போகும் வாய்க்காலைத் தொடாதே. எங்களால் சட்டென்று நிற்க முடியாது, உன்னைப் பார்க்கவும் மாட்டோம். திட்டின் கோடியில் சின்ன விமான நிலையம் இருக்கிறது, அதன் பக்கமும் வேண்டாம்.

அங்கே காற்றை எதிர்த்து ஏறி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரப் பழகு. ஒரு நாள் தவறாமல், ஒரு மாதம். கால் எட்டாத இடத்தில் வேண்டுமென்றே பட்டத்தைப் போட்டு, சுருட்டிக்கொண்டு வா, வாத்தியார் யாராவது பக்கத்தில் இருக்க. பிறகு ஏரிப்பக்கம் போவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை வடகிழக்குக் காற்று நாளில் அந்தக் கெட்டிக்காரர்களோடு கரையில் போய் நில். பட்டத்தைத் தூக்கிவிடு, இறங்கும்போது பிடித்துக் கொடு. யார் கிளம்பாமல் திரும்பிப் போகிறார் என்று கவனி, அவரோடு சிநேகம் வைத்துக்கொள்.

கரை கண்ணுக்குத் தெரிகிறது என்று மட்டும் தைரியம் கொள்ளாதே. உங்கள் ஊர் வாய்க்கால் வாசலில் 1905 நவம்பர் 28 அன்று புயலில் மட்டாஃபா என்ற கப்பல் வாய்க்கால் ஓரத்துச் சுவரில் மோதி உடைந்து, கூப்பிடு தூரத்தில் கிடந்தது. ஊரே கரையில் நின்று தீ மூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படகு அனுப்ப முடியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது ஒன்பது பேர் விறைத்துக் கிடந்தார்கள். நாங்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போகும்போது கப்பலுக்கு வழிகாட்ட ஏறிய பைலட் எனக்குச் சொன்னார். அந்தச் சுவரின் மேல் இப்போது நீங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்கிறீர்கள்.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். குளிர் தாங்க 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட், தலைக்கு உறை, காலுக்கு பூட்ஸ், கைக்கு உறை. உடையில் மிச்சம் பிடிக்காதே, பட்டத்தில் பிடித்தது போதும். கையுறை வாங்கும்போது பாரையும் கடைக்கு எடுத்துக்கொண்டு போ. உறையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு ரிலீஸை இழுத்துப் பார். முதல் இழுப்பில் வரவில்லை என்றால் வேறு உறை கேள். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா